நான்காம் வகுப்புச் சாலை

எங்கள் ஊர் நாய்களின் பெயரெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆட்களின் பெயர்தான் சில சமயம் சட்டென்று வாயில் வராது. ஊர் கிளார்க் வேலை அப்படிப்பட்டது. பனி உருகும் மாதத்தில் நாய் வைத்திருக்கிற எல்லோரும் உரிமம் புதுப்பிக்க என் மேசைக்கு வருவார்கள். பெயர், நிறம், ஊசி போட்ட தேதி எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொள்வேன். இருபத்தாறு வருஷமாக எழுதுகிறேன். ஒரு தேதி தப்பியதில்லை.

மாநில அரசின் விசாரணை அதிகாரி நீங்கள், தலைநகரத்திலிருந்து இந்தக் குளிரில் வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். நான் போட்ட கடிதத்தில் 'கெட்டில் மலைச் சாலை தொடர்பாக' என்று மட்டும்தான் இருந்தது. அந்தச் சாலையின் கோப்பு உங்கள் முன்னால் இருக்கிறது. அதில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். இரண்டு வருஷம் முன்பு உங்கள் அலுவலகத்திலிருந்து வந்தவரும் அதைத்தான் சொன்னார். "எல்லா ஊரும் இப்படி வெச்சிருந்தா எங்களுக்கு வேலையே இருக்காது" என்றார். நான் அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

ஆல்டர்ஃபீல்டில் தொள்ளாயிரம் பேர் இருக்கிறோம். ஊரை மூன்று பேர் கொண்ட சபை ஆள்கிறது என்று புத்தகத்தில் எழுதியிருக்கும். மாதத்தில் இரண்டு திங்கட்கிழமை சாயங்காலம் கூடுவார்கள். இந்தச் சாலை விஷயம் நடந்தபோது தலைவராக இருந்தவர் ராய்ஸ் டட்டன், மாட்டுப்பண்ணைக்காரர். மற்ற இருவரில் ஒருவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர், இன்னொருவர் ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர்கள். ஆனால் அவர்கள் முன்னால் என்ன வைக்கப்படுகிறதோ அதற்குத்தான் அவர்கள் கை தூக்க முடியும். முன்னால் வைப்பது நான். அஜெண்டாவில் மூன்றாவது பொருளாக ஒன்றைப் போட்டால் முக்கால் மணி நேரம் பேசுவார்கள். அதையே பதினோராவதாகப் போட்டால் ராய்ஸுக்குக் கண் சொருக ஆரம்பித்திருக்கும், அவர் விடியற்காலை நாலு மணிக்குப் பால் கறக்க எழ வேண்டியவர். பதினோராவது பொருளை யாரும் எதிர்த்து நான் பார்த்ததில்லை. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து தெரிந்துகொண்டதுதான்.

மார்ச்சில் ஒரு நாள் மட்டும் ஊர் முழுக்கப் பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் கூடும். இரும்பு மடக்கு நாற்காலி, பின்னால் சூப்பும் கேக்கும் விற்கிற பெண்கள், முன்னால் மேசையில் சபை மூவரும் நானும். அந்த ஒரு நாள் யார் வேண்டுமானாலும் எழுந்து என்ன வேண்டுமானாலும் கேட்கலாம்.

நோரீன் லபவுண்டி எழுந்தது அங்கேதான்.

நோரீனை உங்களுக்குத் தெரிந்திருக்கும், கோப்பில் அவள் கையெழுத்து நிறைய இருக்கிறது. கெட்டில் மலை உச்சியில் கடைசி வீடு. கணவர் வெண்டெல். அவள் பால் சங்கத்தின் சோதனைக்கூடத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவள், யார் கறந்த பாலில் என்ன கோளாறு என்று ஒரு சொட்டில் சொல்லிவிடுவாள். ஓய்வு பெற்ற பிறகு எங்களைச் சோதிக்க ஆரம்பித்தாள். எல்லாக் கூட்டத்துக்கும் வருவாள். நாங்கள் இருவரும் பள்ளியில் ஒரே வகுப்பு. அவள் என்னைப் பிடிக்காமல் அப்படிச் செய்தாள் என்று சொல்ல மாட்டேன். அவளுக்கு என்னைப் பற்றி எந்த அபிப்பிராயமும் இருக்கவில்லை, பிழையைப் பற்றித்தான் இருந்தது.

அந்த மார்ச்சில் அவள் ஆண்டறிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"பக்கம் பதினாலு. அக்டோபர் கூட்டம். அன்னிக்கு நான் அங்கதான் உக்காந்திருந்தேன். ரோட்டுக்கு அடியில தண்ணி போற கல்வெர்ட்டைப் பத்திக் கேட்டப்ப ராய்ஸ் என்னைப் பாத்து 'வாயை மூடு கிழவி'ன்னாரு. இதுல என்ன போட்டிருக்கு? 'பொதுமக்களின் கருத்துக்கு நன்றி தெரிவிக்கப்பட்டது.'"

சிரிப்பு கிளம்பியது. ராய்ஸ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அவரும் சிரித்தார்.

"ராய்ஸ் சொன்னதுல எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. கிழவிதான். நான் கேக்குறது நம்ம கிளார்க் ஆர்டித்தை. ஏன் ஆர்டித், நீ நடந்ததை எழுதுறியா, இல்ல நடந்திருந்தா நல்லாருக்குமேன்னு நெனைக்கிறதை எழுதுறியா?"

நூற்றைம்பது பேர் சிரித்தார்கள். சூப் விற்கிறவர்களும் கரண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்குக் கழுத்திலிருந்து காது வரை சுட்டது. பென்சிலை விட முடியாது, கூட்டம் நடந்துகொண்டிருக்கிறது, குறிப்பு எழுத வேண்டியவள் நான். குறிப்பைத் திருத்த வேண்டும் என்று ஒருவர் முன்மொழிந்தார், எல்லோரும் "ஆமாம்" என்று கத்தினார்கள். 'திருத்தம் ஏற்கப்பட்டது' என்று எழுதினேன்.

அப்புறம் மூன்று மாதம் அது ஓடியது. கடைக்குப் போனால், "ஆர்டித், இன்னிக்கு நல்ல வெயில்னு எழுதிட்டீங்களா? வெளிய மழை கொட்டுதே" என்பார்கள். தேவாலயத்தில் பாதிரியார்கூட ஒரு தடவை சொன்னார். யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சமையலறை நாற்காலியில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பேன். எனக்குக் கணவரோ பிள்ளையோ இல்லை. என்னிடம் இருந்தது கூட்டக் குறிப்பு எழுதும் அந்த மினிட் புத்தகம் ஒன்றுதான். அது சரியாக இருக்கும் என்று ஊரில் எல்லோரும் நம்பியதுதான் என் மரியாதை. இதை நியாயப்படுத்தச் சொல்லவில்லை, காரணமாகச் சொல்கிறேன்.

ஜூலையில் சாலை மேற்பார்வை பார்க்கிற டுவெயின் வந்தான். நாற்பது வயதுக்காரன், வாய்க்கும் மனசுக்கும் நடுவில் கதவு கிடையாது. கெட்டில் மலையின் மேல்பாதியில் கல்வெர்ட் இடிந்திருக்கிறது என்று புலம்பினான். "வளைவுக்கு மேல ஒன்றரை மைலு, ஒரே ஒரு வீடு. அந்த ஒரு வீட்டுக்காகக் குளிர்காலம் பூரா லாரியை மேல ஏத்தி எறக்கணும்" என்றான். அவன் பேச்சுக்குச் சொன்னான். நான் சட்டப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன்.

கெட்டில் மலைச் சாலை அப்போது மூன்றாம் வகுப்பு. அப்படியென்றால் வருஷம் முழுவதும் பராமரிக்க ஊர் கடமைப்பட்டிருக்கிறது. நான்காம் வகுப்பு என்றால் கடமை இல்லை. வகுப்பை மாற்ற மூன்று காரியம் செய்ய வேண்டும். முப்பது நாள் முன்பாக அறிவிப்பு, சபை நேரில் போய்ப் பார்வை, பிறகு பொது விசாரணை, அதாவது ஊரார் வந்து ஆட்சேபணை சொல்லும் கூட்டம். நான் மூன்றையும் செய்தேன். ஒன்றையும் குறைக்கவில்லை.

அறிவிப்பை அலுவலகத்திலும் தபால் நிலையத்திலும் கடையிலும் ஒட்டினேன். சாலையை ஒட்டிய நிலத்தின் உரிமையாளருக்குப் பதிவுத் தபால் அனுப்பினேன். பதிவேட்டின்படி அந்த வீட்டின் உரிமையாளர் வெண்டெலின் அண்ணன். அவர் ஃப்ளோரிடாவில் இருந்தார். இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பெயர் மாற்றும் பத்திரம் ஒரு வக்கீலின் மேசையில் கிடந்தது. பதிவேட்டில் உள்ள முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. அனுப்பினேன். 'பெறுநர் இல்லை' என்று திரும்பி வந்தது. உறையைப் பிரிக்காமல் கோப்பில் வைத்திருக்கிறேன், கடைசியிலிருந்து நாலாவது தாள். ஒவ்வொரு வருஷமும் வரிச் சீட்டை நான் வெண்டெலின் கையில் நேராகக் கொடுத்து வந்தேன் என்பது கோப்பில் இருக்காது.

நோரீன் எப்படி விசாரணையைத் தவறவிட்டாள் என்று நீங்கள் கேட்பீர்கள். அந்த ஆகஸ்டில் வெண்டெலுக்கு இருதயத்தில் அறுவை சிகிச்சை. பெரிய ஊர் ஆஸ்பத்திரியில் ஐந்து வாரம் அவருடன் இருந்தாள். இது எனக்குத் தெரியும், ஏனென்றால் அவர்கள் திரும்பும் நாளுக்காக வீட்டில் யார் என்ன சாப்பாடு செய்து வைப்பது என்ற தாள் என் மேசையில்தான் இருந்தது. ஊரில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் அந்தத் தாள் என் மேசைக்குத்தான் வரும். தாளைப் பார்த்துத்தான் விசாரணைத் தேதியைக் குறித்தேன். நானும் ஒரு வரியில் பெயர் எழுதியிருந்தேன், பன்றி இறைச்சி போட்டு வெல்லப்பாகில் சுட்ட பீன்ஸ்.

சபை சாலையைப் பார்க்கப் போன நாளன்று பீன்ஸ் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு ராய்ஸின் வண்டியில் நானும் போனேன். வீடு பூட்டியிருந்தது. சாவி பூந்தொட்டிக்கு அடியில் இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். உள்ளே போய் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு வந்தேன். ராய்ஸ் வாசலில் நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவங்களுக்கு இது தெரியுமா ஆர்டித்?"

"கடுதாசி போயிருக்கு ராய்ஸ்."

"ஆட்சேபணை ஒண்ணும் வரலையே?"

"வரல."

நான் சொன்ன இரண்டும் உண்மை.

விசாரணைக்கு யாரும் வரவில்லை, புல் அறுத்துக் காயவைக்கிற வாரம். பதினோராவது பொருள். கை தூக்கினார்கள். 

நவம்பரில் முதல் பனி விழுந்த மறுநாள் நோரீன் நடந்தே வந்தாள். பூட்ஸைத் தட்டிவிட்டு என் மேசை முன்னால் நின்றாள்.

"என்னடி இது, டுவெயின் லாரி வளைவுலயே திரும்பிப் போவுது? பிரேக் போயிடுச்சா?"

"சாலை வகுப்பு மாறிடுச்சு நோரீன். ஆகஸ்ட்ல விசாரணை நடந்துச்சு."

"ஆகஸ்ட்ல நான் ஆஸ்பத்திரில கெடந்தேன். உனக்குத் தெரியுமே. நீ வெச்சிட்டுப் போன பீன்ஸை வந்துதானே சாப்பிட்டோம்."

"ஆமா."

அவள் கோப்பைக் கேட்டாள். கொடுத்தேன். நின்றபடியே ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். பிழை தேடுகிறாள் என்று தெரிந்தது. திரும்பி வந்த உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கடைசித் தாள் வரை போய்விட்டு மூடி வைத்தாள்.

"சரியாத்தான் இருக்கு" என்றாள். குரல் ரொம்பத் தாழ்ந்திருந்தது.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவ்வளவும் செய்தேன் என்று அன்று நினைத்தேன். அத்தோடு விட்டிருக்கலாம். சாலையைப் பழைய வகுப்புக்கு மாற்றக் கோரி அவள் மனு எழுதிக் கொடுத்தாள். டிசம்பர் முதல் கூட்டத்தில் பதினோராவது பொருளாகப் போட்டேன், நேரமாகிவிட்டதென்று ஒத்திவைத்தார்கள். இரண்டாவது கூட்டம் பண்டிகையால் நடக்கவில்லை. ஜனவரியில் வக்கீலின் கருத்து கேட்கலாம் என்று நானே யோசனை சொன்னேன். எங்கள் வக்கீல் பதில் போட ஆறு வாரமாவது எடுப்பார். ஒவ்வொரு தடவையும் அவள் ஒன்றரை மைல் நடந்து இறங்கி, வளைவில் நிறுத்தியிருந்த வண்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். கீழ்வீட்டுக்காரர் தன் டிராக்டரில் முடிந்தபோது பனியைத் தள்ளிக் கொடுத்தார்.

இப்போது பிப்ரவரியில் அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

இரண்டு நாள் கொட்டிய பனி விடியலில் நின்று, கண் கூசும் வெயில் அடித்தது. இடுப்பளவு பனி, டிராக்டர் ஏறாது. டுவெயின் ஊர்ச் சாலைகளைச் சுத்தம் செய்துவிட்டு என் அலுவலகத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தான். பனி தள்ளும் லாரி வாசலில் உறுமிக்கொண்டு நின்றது.

குறிப்பில் நான் எழுதியிருப்பது இது: 'காலை 9.40, திருமதி லபவுண்டி தொலைபேசியில் அழைத்து, கணவருக்கு மூச்சுத் திணறல் என்றும், ஆம்புலன்ஸ் வளைவில் நிற்கிறது என்றும், பனியை அகற்ற ஊர் லாரி வேண்டும் என்றும் கோரினார். நான்காம் வகுப்புச் சாலையில் ஊர் வாகனத்துக்குக் காப்பீடு கிடையாது என்பதால் தலைவரின் அனுமதி தேவைப்பட்டது. கிளார்க் 9.42, 10.03, 10.24 மணிக்குத் தலைவரை அழைத்தார். பதில் இல்லை. 10.25க்குச் சாலை மேற்பார்வையாளர் அனுமதியின்றிப் புறப்பட்டார்.'

டுவெயின் காப்பியை மேசையில் வைத்துவிட்டு அப்போதே எழுந்துவிட்டான்.

"நான் போறேன் ஆர்டித். பன்னெண்டு நிமிஷத்துல மேல இருப்பேன்."

"லாரி கவுந்தா யாரு பதில் சொல்றது? ராய்ஸ் ஒரு வார்த்தை சொல்லட்டும். உக்காரு."

"ராய்ஸ் வேணாம்னா சொல்லப்போறாரு?"

"அப்ப கேக்குறதுல என்ன இருக்கு? இரு, கூப்பிடறேன்."

அவன் உட்காரவில்லை. தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு ஜன்னல் பக்கம் நின்றான். என்னை அவனுக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். ஆர்டித் சொன்னால் சட்டம் அதுவாகத்தான் இருக்கும் என்று நம்புகிறவன். மூன்றாவது தடவை நான் ரிசீவரை வைத்ததும், "வேலை போனா மயிராச்சு" என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினான். மலையில் லாரியும் அதன் பின்னால் ஆம்புலன்ஸும் ஏறியபோது, வெண்டெல் சமையலறைத் தரையில், நோரீனின் மடியில் இறந்து கிடந்தார். உடம்பு இன்னும் சூடாக இருந்தது என்று டுவெயின் சொன்னான். அதை அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

முன்னதாகப் போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரைக் கேட்டார்கள். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அந்தப் பதிலை நான் நிறைய நாள் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன்.

டுவெயினுக்கு எழுத்து மூலம் ஒரு கண்டிப்பு கொடுக்க வேண்டியிருந்தது, காப்பீட்டுக் கம்பெனி கேட்டது. அதை நான்தான் தட்டச்சு செய்தேன். அவன் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டான். "சீக்கிரமா போயிருக்கணும் ஆர்டித். அதுக்குத்தான் என்னைத் திட்டணும்" என்றான்.

ராய்ஸ் வேறு மாதிரி ஆகிவிட்டார். அந்த நேரம் அவர் தொழுவத்தில் கறவை மெஷினைக் கழுவிக்கொண்டிருந்தார். தொழுவத்துச் சுவரிலும் ஒரு போன் இருக்கிறது. உங்கள் ஆள் விசாரித்தபோது, "மெஷின் சத்தத்துல காதுல விழல போலிருக்கு" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெரிய மனிதர் எல்லோர் முன்னாலும் அழுதார். அடுத்த மாதம் பதவியை விட்டார். மாடுகளில் பாதியை விற்றுவிட்டார். இப்போது எங்கே போனாலும் சட்டைப் பையில் ஒரு செல்போன், தேவாலயத்தில் ஜெபத்தின் நடுவிலும் எடுத்து எடுத்துப் பார்ப்பார். மலைக்குள் சிக்னல் கிடையாது, அப்படியும் பார்ப்பார். "தூக்கத்துல எந்திரிச்சு மணி அடிச்சுதான்னு கேக்குறாரு" என்று அவர் மனைவி என் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னாள். நான் அவள் கையைத் தட்டிக் கொடுத்தேன்.

நோரீன் கோப்பை மறுபடி கேட்டாள். அந்தப் பக்கத்தை நின்றபடி படித்தாள், மணி, நிமிஷம் எல்லாம். பிறகு நிமிர்ந்து, "மூணு தடவை கூப்பிட்டிருக்க" என்றாள். "உன்னை நான் என்னென்னவோ நெனைச்சிட்டேன் ஆர்டித். சாலை விஷயத்துல நீ வேணும்னே செஞ்சிருக்கன்னுகூட நெனைச்சேன். மன்னிச்சிரு." மேசைக்கு இந்தப் பக்கம் வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் கோட்டில் விறகு வாசனை அடித்தது. என் கைகளை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அதே வருஷம் மார்ச்சில் அவள் ஊர்த் தணிக்கையாளர் பதவிக்கு நின்று ஜெயித்தாள். "இதெல்லாம் எப்படி நடக்குதுன்னு உள்ளருந்து கத்துக்கணும்" என்றாள். கீழே ஊருக்குள் குடிவந்துவிட்டாள். புதன்கிழமை தோறும் என் எதிர் மேசையில் வந்து உட்காருவாள். இரண்டு சான்ட்விச் கொண்டுவருவாள், ஒன்று எனக்கு. அஜெண்டா எப்படிப் போடுவது, அறிவிப்பு எங்கெங்கே ஒட்டுவது எல்லாம் கேட்பாள். சொல்லிக் கொடுத்தேன். கெட்டிக்காரி, சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். அவள் கொடுத்த சான்ட்விச்சைத் தின்றுவிட்டுக் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வாந்தி எடுப்பேன். அவளுக்குச் சத்தம் கேட்கக்கூடாது. இரண்டு வருஷம் அப்படிப் போனது.

இந்த ஜனவரியில் அவள் ஒரு காகிதத்தை நீட்டினாள். ஆண்டறிக்கையின் முதல் பக்கத்தை ஒவ்வொரு வருஷமும் ஊர் யாராவது ஒருவருக்குச் சமர்ப்பிக்கும். தணிக்கையாளர்கள்தான் தேர்ந்தெடுப்பார்கள்.

"உன் போட்டோ ஒண்ணு குடு. சிரிச்ச மாதிரி இருக்கணும். மத்ததை நான் எழுதிட்டேன், பாத்துச் சொல்லு."

அவள் எழுதியிருந்தது நாலே வரி. கடைசி வரி: 'ஆர்டித் பெல்நாப் எழுதியதென்றால் அது நடந்தது என்று இந்த ஊரில் அனைவருக்கும் தெரியும்.'

அன்று வீட்டுக்குப் போய் உங்களுக்குக் கடிதம் எழுதினேன்.

இதுவரை நான் சொன்னதில் சட்டப்படி எதுவும் குற்றமில்லை என்று உங்கள் முகம் சொல்கிறது. பென்சிலைக்கூடக் கீழே வைத்துவிட்டீர்கள். எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் ராய்ஸைக் கூப்பிடவில்லை. அவருடைய எண் ஏழு இலக்கம். டுவெயின் பார்த்துக்கொண்டிருந்ததால் ஆறு இலக்கம் அழுத்தினேன். ஏழாவதை அழுத்தவில்லை. ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, மணி அடிக்கிற அளவு நேரம் காத்திருந்துவிட்டு, "எடுக்கலையே" என்று கீழே வைத்தேன். மூன்று தடவையும் அப்படியே. தொழுவத்துப் போன் அடிக்கவே இல்லை. ராய்ஸின் காதில் ஒரு கோளாறும் கிடையாது. அதை அவரிடம் யாராவது சொல்ல வேண்டும். என்னால் முடியவில்லை.

காப்பீட்டு விதி உண்மையில் இருக்கிறது, ஆனால் உயிர் ஆபத்து என்றால் அது பொருந்தாது என்று அடுத்த வரியிலேயே இருக்கிறது. எனக்கு அந்த வரியும் தெரியும்.

நோரீன் கூப்பிட்டது ஒரு தடவை என்று குறிப்பில் இருக்கிறது. அவள் நாலு தடவை கூப்பிட்டாள். தான் எத்தனை தடவை கூப்பிட்டோம் என்று அவளுக்கே நினைவில்லை, அதனால் அந்தப் பக்கத்தைப் படித்தபோது அவளுக்கு எதுவும் தட்டவில்லை. அவள் அதிகாரமாகப் பேசினாள், அதனால்தான் எனக்குக் கை ஓடவில்லை என்று எனக்கு நானே ரொம்ப நாள் சொல்லி வந்தேன். அது பொய். முதல் தடவையே அவள், "ஆர்டித், கண்ணு, தயவு செஞ்சு லாரியை அனுப்பு. அவரு உதடு நீலமாயிட்டு வருது" என்றாள். பள்ளிக்கூடத்திலிருந்து அவள் என்னிடம் எதையும் தயவு செய்து என்று கேட்டதில்லை. எனக்குள் என்னவோ இளகிச் சூடாகப் பரவியது. அதற்கு என்ன பெயர் என்று நான் தேடிப் பார்த்துவிட்டேன், சந்தோஷம் என்பதைத் தவிர வேறு வார்த்தை இல்லை. "இரு நோரீன், ராய்ஸைக் கேட்டுட்டிருக்கேன்" என்றேன். அவள் மறுபடி கூப்பிட்டபோது உடனே எடுக்கவில்லை, நாலைந்து மணி அடிக்க விட்டேன். "ஆர்டித், உன் கால்ல விழுறேன்" என்றாள். "இரு" என்றேன். நாலாவது தடவை அவள் பேசவே இல்லை. போனைக் கீழே போட்டுவிட்டு அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அதையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

வெண்டெல் சாக வேண்டும் என்று நான் நினைத்ததில்லை. அவர் மீன்பிடி உரிமத்துக்கு வரும்போதெல்லாம் மேப்பிள் பாகு ஒரு ஜாடி என் மேசையில் வைத்துவிட்டுப் போகிறவர். அந்த நாற்பத்தைந்து நிமிஷத்தில் அவரைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. அதுதான் உண்மை. அவரைக் கொன்றது நான்தான். சாலையும் பனியும் ராய்ஸும் டுவெயினும் இல்லை.

நீங்கள் எழுதியதைக் கொடுங்கள், படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன். இரண்டாவது பக்கத்தில் லபவுண்டி என்பதில் ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கிறது, திருத்திவிட்டேன்.

இன்றைக்கே உங்களோடு வர வேண்டுமென்றால் வருகிறேன். ஆனால் மதியம் வரை பொறுக்க முடியுமா என்று பாருங்கள். பொதுக்கூட்டத்துக்குப் பதினோரு நாள்தான் இருக்கிறது, முன்கூட்டி வாக்களிக்கிறவர்கள் சீட்டு வாங்க வருவார்கள். வாசலில் பூட்ஸிலிருந்து பனியைத் தட்டுகிற சத்தம் கேட்கிறது பாருங்கள். எல்லாம் வயசானவர்கள், குளிரில் நிற்பார்கள். ஒருத்தரையும் காக்க வைத்து எனக்குப் பழக்கமில்லை.